220 கிலோவை 90 சென்டிமீட்டர் தூக்குவது எப்படி?

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புதான் வரும். 220 கிலோ எடையை 90 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 1,940 ஜூல். உணவுக் கணக்கில் சொன்னால் அரை கிலோகலோரிகூட இல்லை. ஒரு சிட்டிகை சர்க்கரை போதும். ஆனா போன கோடையில் அந்த 90 சென்டிமீட்டர்தான் என் காலை உடைச்சிருக்கும்.

நாங்க இருப்பது மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம். சுத்தி எங்கே பார்த்தாலும் ஏரி. என் மைத்துனன் ரெண்டு பேர் உட்காரும் பழைய ஸீ-டூ ஸ்பார்க் ஒன்றை வாங்கிட்டான். நம்ம ஆட்கள் பொதுவா 'ஜெட் ஸ்கி' என்று சொல்வது இந்த வகை வண்டியைத்தான். (ஜெட் ஸ்கி என்பது உண்மையில் கவாஸாகி கம்பெனியின் வணிகப்பெயர்.) வாங்கினவனிடம் ட்ரெய்லர் இல்லை. எங்க குடியிருப்புச் சங்க விதிப்படி வீட்டு வாசலில் ட்ரெய்லர் நிறுத்தவும் கூடாது. என்னிடம் ஒரு பிக்அப் ட்ரக் இருக்கு. "மாமா, பின்னாடி தொட்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்" என்றான். அந்த 'தூக்கிப் போட்டு'க்குப் பின்னால் எவ்வளவு இயற்பியல் இருக்கு என்பதுதான் இந்தக் குறிப்பு.

ட்ரெய்லர் செய்யும் வேலை

ட்ரெய்லரில் படகு ஏற்றுபவர்களைப் பாருங்க. ட்ரெய்லரைத் தண்ணிக்குள்ளே பின்னோக்கி இறக்குவாங்க. மிதந்துகொண்டிருக்கும் படகு அதன்மேல் வந்து உட்காரும். அங்கே யாரும் எதையும் தூக்குவதில்லை, ஏரிதான் தூக்குது. பிக்அப் தொட்டி தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் அதைத் தண்ணிக்குள் இறக்க முடியாது. ஏரி இலவசமா செய்த வேலையை இப்ப நாம செய்யணும்.

முதல்ல அளவு

ரெண்டு பேர் ஸ்பார்க் வெறும் வண்டி சுமார் 190 கிலோ. பெட்ரோல் டேங்க் 30 லிட்டர், அது நிறைந்தால் 22 கிலோ. மற்ற சாமான்களையும் சேர்த்து 220 என்று வைத்துக்கொள்வோம். நீளம் சுமார் 2.8 மீட்டர், அகலம் 118 சென்டிமீட்டர்.

பெரிய பிக்அப்களில் ரெண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே சுமார் 127 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். நாலடி அகல ப்ளைவுட் பலகை படுக்கணும் என்பதற்காக வைத்த அளவு அது. எனவே அகலத்தில் மயிரிழையில் பொருந்துது. நீளத்தில்தான் இடிக்குது. என் தொட்டி ஆறரை அடி, அதாவது 198 சென்டிமீட்டர். மீதி 80 சென்டிமீட்டர் திறந்த டெயில்கேட்டின் மேலும் அதைத் தாண்டியும் நீட்டிக்கொண்டிருக்கும்.

டெயில்கேட் ரெண்டு எஃகுக் கேபிள்களில் தொங்கும் கதவு, தொட்டியின் தரை மாதிரி அல்ல. அதனால் பாரம் தொட்டித் தரையில் உட்காரணும், டெயில்கேட் மேல் வால் மட்டும் நீட்டினால் போதும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து அந்த ட்ரக் எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். விளம்பரத்தில் வரும் எண்ணை நம்பாதீங்க, இந்த எண்ணை மட்டும் பாருங்க.

மூணு பேர் உட்காரும் பெரிய வண்டிகள் 350 கிலோவையும் தாண்டும். அவற்றுக்கு இந்த யோசனையே வேண்டாம், ட்ரெய்லர்தான்.

ராம்ப் என்னும் வியாபாரி

நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 55 கிலோ. கேட்க எளிதா இருக்கும். ஆனா வழுவழு அடிப்பாகத்தில் பிடிக்க இடமே இல்லை. ஒருத்தர் கை நழுவினாலும் மற்ற மூணு பேர் முதுகு போயிடும்.

எனவே ராம்ப். ராம்ப் ஒரு நேர்மையான வியாபாரி மாதிரி: விசையைக் குறைப்பான், பதிலுக்கு தூரத்தை வாங்கிக்கொள்வான். 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2.4 மீட்டர் ராம்ப் போட்டால் சரிவு 22 பாகை. சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து இழுக்க சுமார் 82 கிலோ எடைக்குச் சமமான விசை வேணும். ராம்ப் 3.6 மீட்டர் என்றால் 55 கிலோ போதும். வின்ச் கயிற்றை ஒரு கப்பி வழியா மடக்கி இழுத்தால் அதிலும் பாதி, சுமார் 28. உராய்வைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். கிணற்றில் கப்பி போட்டு இறைத்த நம்ம வீட்டுப் பெண்களுக்கு வின்ச் புதுசா ஒண்ணும் சொல்லித்தரப் போவதில்லை.

நடந்தது என்ன

முதல் தடவை 2.4 மீட்டர் நீள அலுமினிய ராம்ப் ரெண்டு வைத்தோம். தொட்டியின் முன்சுவரில் கை வின்ச். மைத்துனன் வின்ச் சுற்ற, நான் பின்னால் நின்று தள்ளினேன். மூக்கு டெயில்கேட்டைத் தொட்டது. பாரம் ட்ரக் மேல் ஏற ஏற, பின்பக்க ஸ்ப்ரிங் அமுங்கி டெயில்கேட் கீழே இறங்குச்சு. ராம்ப்பின் மேல் நுனி இடம் மாறுச்சு. நான் அதைக் கட்டி வைக்கவில்லை. இடதுபக்க ராம்ப் 'டங்' என்று நழுவி விழுந்தது. வண்டி சாய்ந்து, வின்ச் கயிற்றில் ஒரு நொடி தொங்கி, வால் பக்கம் தரையில் மோதி நின்றது. என் வலது காலுக்கும் அதுக்கும் நடுவே ஒரு அடிதான் இடைவெளி.

"மாமா, நகருங்க! நகருங்க!" என்று அவன் கத்தியது எல்லாம் முடிந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அன்று புரிந்தது இதுதான்: ஆற்றல் கணக்கு அரை கலோரிதான். ஆனா அந்த அரை கலோரி மெதுவா மேலே போகும், ஒரே நொடியில் கீழே வரும். ஏற்றுவது விசைப் பிரச்சினை. நழுவாமல் வைப்பது கட்டுப்பாட்டுப் பிரச்சினை. நான் முதலாவதுக்கு மட்டும்தான் தயாரா இருந்தேன்.

இப்ப எங்க வழக்கம் இது. ட்ரக் சமதரையில், ஹேண்ட்ப்ரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டு. ராம்ப் நீளமானது, மேல் நுனி ட்ரக்கோடு பட்டையால் கட்டப்பட்டிருக்கும். முக்கியமா, பாரம் சரிவில் இருக்கும்போது அதுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. தள்ளணும்னு தோணினா வின்ச் போதவில்லை என்று அர்த்தம். இறக்கும்போதும் இதே விதிதான்: வின்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இறக்கணும்.

கட்டுவது

வண்டி வெறும் தகரத் தரையில் உட்காரக் கூடாது. அடியில் தண்ணி உறிஞ்சும் சல்லடையும் தகடும் இருக்கு. கம்பளம் சுற்றிய ரெண்டு நீளக் கட்டைகள் மேல் அடிப்பாகம் உட்காரணும்.

எவ்வளவு இறுக்கிக் கட்டணும்? அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கான கூட்டாட்சி விதி ஒரு நல்ல அளவுகோல் தருது. சரக்குக் கட்டு முன்பக்கம் 0.8 ஜி, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 ஜி தாங்கணும். நம்ம 220 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், சடன் ப்ரேக் அடிக்கும்போது 176 கிலோ விசையில் வண்டி நம்ம முதுகை நோக்கி வரும். நம்ம சொந்த ட்ரக்குக்கு அந்த விதி பொருந்தாமல் இருக்கலாம், ஆனா இயற்பியலுக்கு லைசென்ஸ் வகை தெரியாது. அதனால் முன்சுவர் ஓரம் ஒரு மரத்தடுப்பு. மூக்கு வளையத்தில் ரெண்டு, பின் வளையங்களில் ரெண்டு என நாலு பட்டை. பட்டையின் லேபிளில் 'வேலைச்சுமை', 'முறியும் சுமை' என்று ரெண்டு எண் இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீங்க. சின்ன எண்தான் நமக்கானது.

கடைசியா, தண்ணி

ஏரியிலிருந்து எடுத்ததும் பின்னால் உள்ள ட்ரெய்ன் ப்ளக்கைத் திறந்து தண்ணியை வடிய விடணும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியது. விரல்நகம் அளவுள்ள ஜீப்ரா மஸல் என்ற சிப்பி, கப்பல்களின் வழியா வந்து, 1988-ல் எங்க பக்கத்து செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஏரி ஏரியாகப் பரவியது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, மிச்சத் தண்ணியில் பயணம் போகும். அதனால் ப்ளக்கைத் திறக்காமல் ரோட்டில் எடுத்துப்போவது மிஷிகனில் சட்டவிரோதம்.

போன ஞாயிறு மூணாவது தடவையா ஏற்றினோம். பதினைந்து நிமிஷம் ஆச்சு, யாரும் கத்தவில்லை. மைத்துனன் மட்டும் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, பேசாம ட்ரெய்லர் வாடகைக்கு எடுத்திருக்கலாமோ?"

எடுத்திருக்கலாம்தான்.