முதல் சம்பளத்துக்கு முந்தைய மாதம்

கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயக் காட்டுக்குள் இருக்கும் தமிழ் ஊர் கோபிநத்தம். 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தின் ஹனூர் தாலுகா. வீரப்பன் பிறந்த ஊர் என்றுதான் வெளியுலகம் அதை அறியும். வீரப்பன் கொல்லப்பட்டது 2004 அக்டோபரில். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று வேலை தேடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று பாலாறு தாண்டி கொளத்தூர், மேட்டூர், சேலம் என்று திருப்பூர் வரை போகிறது. மற்றொன்று மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூருக்கும் பெங்களூருக்கும். எந்தச் சாலையில் போனாலும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: முதல் சம்பளம் கைக்கு வரும்வரை எதை வைத்துச் சாப்பிடுவது? ஊரைவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளையின் மாத பட்ஜெட் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

பட்ஜெட்டெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கு, கூலிக்குப் போகிற வீட்டில் அது எதற்கு என்பார்கள். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறவரைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால், நீர்வரத்து ஏறியதும் பரிசலுக்குத் தடை வந்துவிடும். கவிழ்த்துப் போட்ட பரிசல் கரையில் கிடக்கும். அடியில் பூசிய தார் வெயிலில் இளகும். பல ஆண்டுகளில் அது ஆடி மாதமாகவே இருக்கும், அதாவது கூட்டம் திரண்டு வரும் காலம். அந்த நாட்களை அவர் குடும்பம் ரேஷன் அரிசி, மளிகைக் கடைக் கடன், மகளிர் சங்கக் கடன், சீட்டு, கைமாற்று என்று எதையாவது பிடித்துத் தாண்டியாக வேண்டும். இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை நாட்குறிப்புபோலத் தொடர்ந்து பதிவுசெய்து, டேரில் காலின்ஸும் அவருடைய மூன்று சகாக்களும் 2009இல் ஒரு நூல் எழுதினார்கள். கடன், சேமிப்பு, சீட்டு போன்ற வழிகளில் நான்குக்கும் குறைவாகக் கையாண்ட குடும்பம் ஒன்றுகூட அதில் இல்லை. இந்தியக் குடும்பங்களின் சராசரி எட்டுக்கும் சற்று மேல். வருமானம் குறைந்து, அதுவும் நின்று நின்று வருகிற வீட்டில்தான் கணக்கு அதிகம் ஓடுகிறது. அந்தத் திறமை தாய் தகப்பனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிள்ளையின் வேலைக்கும் முன்கூட்டியே பயன்படுத்துவதில்லை என்பதுதான் குறை.

பெங்களூரில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 3 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்து மாதம் 25,000 என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிடும். ஆனால் நிறுவனம் சொல்வது தனக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால், அதில் 12 சதவீதமான 1,500 ரூபாய் நிறுவனத்தின் பங்காகப் பி.எஃப். கணக்குக்குப் போகும். பணிக்கொடைக்கென்று 4.81 சதவீதம், ஏறக்குறைய 600 ரூபாயையும் பெரும்பாலும் இந்த மொத்தத்திலேயே சேர்த்துவிடுவார்கள். பிறகு ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 1,500. கைக்கு வருவது 21,400. பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, நம்முடையதுதான். ஆனால் மாதக் கடைசியில் அதைக் கொண்டு பால் வாங்க முடியாது.

செலவுப் பக்கத்து எண்களை ஒவ்வொருவரும் விசாரித்துத்தான் எழுத வேண்டும். இங்கே கணக்குக்காகச் சில. காலையும் இரவும் சாப்பாடு போடும் பி.ஜி. விடுதியில் ஒரு கட்டில் 8,000. மதியச் சாப்பாடும் டீயும் 2,500. நகரப் பேருந்துக்கு 1,200, போனுக்கு 400, துணி சோப்பு வகைக்கு 1,500, மாதம் ஒருமுறை ஊர் வந்துபோக 1,200, வீட்டுக்கு அனுப்ப 4,000. ஆக 18,800. மிச்சம் 2,600. மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நகரத்தில் ஓர் ஆளுக்கு மாதச் சராசரி 6,996 ரூபாய்தான். அதைப் பார்த்து நம் கணக்கு ஊதாரித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அது கைக்குழந்தையையும் சொந்த வீட்டுக்காரரையும் சேர்த்துப் போட்ட சராசரி. தனி ஆளாக வந்து வாடகைக்கு இருப்பவருக்கு அது பொருந்தாது.

மிச்சம் பிடிக்கிறதே, போகலாம் என்று தோன்றும் இந்த இடத்தில்தான் குழி இருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். 1ஆம் தேதி சேர்ந்தவர் 37 நாள் காத்திருக்கலாம். சம்பளக் கணக்கை முடித்த பிறகு சேர்ந்தவர் இன்னும் அதிகம். ஆனால் பி.ஜி.க்காரர் அட்வான்ஸாக ஒரு மாதமும் வாடகையாக ஒரு மாதமும் கேட்டால் முதல் நாளே 16,000. சம்பளம் வரும்வரை சாப்பாடு, பேருந்து, போன், சில்லறைச் செலவுக்கு 5,600. நல்ல சட்டை, செருப்பு, பயணம் 4,000. மொத்தம் 25,600. தனி வீடு பிடிப்பதென்றால் கேட்கவே வேண்டாம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். இந்த 25,600 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினால் முதல் மாத வட்டி மட்டும் 1,280. மிச்சமாகும் 2,600ஐ அப்படியே கட்டினாலும் கடன் தீர 14 மாதம் ஆகும்; வட்டியாக மட்டும் 10,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். அதே தொகை மகளிர் சங்கத்தில் ஒரு வட்டிக்குக் கிடைத்தால் 11 மாதத்தில் தீரும், வட்டி 1,500 ரூபாய்க்குள். சம்பளமும் மாறவில்லை, செலவும் மாறவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் மாறியது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அதை எந்த வீட்டிலும் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. பெங்களூரு நகரப் பேருந்துக்கும் அது பொருந்தும். நம் கணக்கில் பேருந்தும் ஊர்ப் பயணமும் சேர்ந்து 2,400. அது போனால் மிச்சம் 5,000, கிட்டத்தட்ட இரு மடங்கு. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் பெண்களின் இலவசப் பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடும். சேலத்திலிருந்து ஊர் திரும்பக் காசு வேண்டும். திட்டங்கள் அரசின் முடிவால் மாறக்கூடியவை என்பதால் அந்த 2,400ஐத் தனி வரியில் எழுதி, முடிந்தவரை சேமிப்பிலேயே போடுவது நல்லது. பொண்ணை அவ்வளவு தூரம் எதற்கு அனுப்புவது என்று கேட்கும் பெரியவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

இப்படிக் கணக்குப் போட்டால் யாரும் ஊரைவிட்டுக் கிளம்பவே மாட்டார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. பயம் நியாயமானது. ஆனால் கணக்கில்லாமல் போனவர்தான் மூன்றாம் மாதம் வட்டி கட்ட முடியாமல் திரும்பி வருகிறார். எவ்வளவு கையில் வேண்டும் என்று தெரிந்தவர் போகும் தேதியைத் தள்ளிவைப்பாரே தவிர போகாமல் இருக்க மாட்டார். தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்று வகுத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் பரப்பிய கணக்கு அது. வீட்டுக்கு அனுப்பும் 4,000 இந்த மூன்றில் எதில் சேரும்? நம் பிள்ளைகளுக்கு அது தேவைகளில் முதல் தேவை. அரசு வேலைக்குப் படிக்கிறவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. கர்நாடக அரசுப் பணிக்குக் கன்னடத்தில் தேற வேண்டும், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். வேலையில்லாப் பட்டதாரிக்குக் கர்நாடக அரசின் யுவநிதித் திட்டம் மாதம் தரும் 3,000 அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான். காத்திருக்கும் மாதங்களை எண்ணி எழுதாவிட்டால், அந்தச் செலவு தகப்பன் பெயரில் கடனாக ஏறும்.

கல்லூரியின் கடைசி ஆண்டு ஜூனில் தொடங்கினால், 25,600ஐப் பன்னிரண்டு மாதத்தில் சேர்க்க மாதம் ஏறக்குறைய 2,130 ரூபாய் வேண்டும். ஒரு சீட்டை அடுத்த ஆண்டு மே மாதத்தில் எடுக்கும்படி சேரலாம். பரிசல் ஓட்டுகிற வீடென்றால், பரிசல் ஓடும் பொங்கல், கோடை நாட்களில் கூடுதலாகப் போட்டு ஆடி மாதம் குறைத்துக்கொள்ளலாம். வேலை கிடைத்ததும் அழைத்துச் சொன்னவரிடமே மூன்று விவரம் கேட்க வேண்டும்: பிடித்தம் போக எவ்வளவு, எந்தத் தேதிவரை சேர்ந்தால் அந்த மாதச் சம்பளம், எந்தத் தேதியில் கைக்கு வரும். பி.ஜி.க்காரரிடம் ஒன்று கேட்டால் போதும்: காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வரும்?