கூப்பிட்டால் வரும் வண்டி

ஜனங்கள் பஸ்ஸைத் திட்டுவதற்குக் காரணம் இரண்டுதான். எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் வழியெல்லாம் நின்று நின்று போகும். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன், நம்பலாம். இந்த இரண்டு குறையும் இல்லாத ஒரு ஏற்பாட்டை, மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் பார்த்தேன்.

மலைப்பாங்கான அந்த ஊரில் பல்கலைக்கழக வளாகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. அவற்றை இணைக்க 1975-லிருந்து ஓடுகிறது ‘பர்சனல் ராபிட் ட்ரான்சிட்’, சுருக்கமாக பி.ஆர்.டி. மொத்தம் 5 ஸ்டேஷன்கள். வண்டியில் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. 8 பேர் உட்காரலாம், இன்னும் 12 பேர் நிற்கலாம். ரப்பர் டயரில், தனக்கென்று போட்ட கான்கிரீட் பாதையில், கம்ப்யூட்டர் சொல்படி ஓடும். பனி உறையாமல் இருக்க, பாதைக்குள் பதித்த குழாய்களில் சூடான திரவம் ஓடுகிறது.

கேட்டில் நுழையும்போதே எந்த ஸ்டேஷன் என்று பட்டனை அழுத்திவிட வேண்டும். நம்மோடு அதே இடத்துக்குப் போகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு வண்டி கிளம்பும். சூட்சுமம் ஸ்டேஷன் அமைப்பில் இருக்கிறது. வண்டி நிற்பது மெயின் பாதையில் அல்ல, கிளைப் பாதையில். அந்த ஸ்டேஷனுக்கான வண்டி மட்டும் ஒதுங்கும். மற்றவை நேரே போய்விடும். கூட்ட நேரத்தில் மட்டும் டைம் போட்டு விடுகிறார்கள்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கார் நிறுத்தும் இடத்துக்கும் 5-ம் முனையத்துக்கும் நடுவே 2011-ல் வந்த இதே மாதிரி வண்டிகள் இன்னும் சிறியவை. வண்டிக்கு 4 பேர்தான்.

அப்படியானால் ஊரெங்கும் இதையே விடலாமே? காலை 8 மணி பஸ்ஸில் 60 பேரை ஏற்றுவோம். நாலு பேர் வண்டி என்றால் 15 வேண்டும். அத்தனைக்கும் தனிப் பாதை, தூண், நிலம். மார்கன்டவுனிலேயே செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது.

மதியத்தில் கணக்கு மாறும். மூன்று பேருக்காகப் பஸ் விட்டால் டீசலுக்கே கட்டாது என்று ட்ரிப்பை ரத்து செய்வார்கள். அந்த மூன்று பேரும் வெயிலில் காய்வார்கள். டிரைவர் சம்பளம் இல்லாத சின்ன வண்டிக்கு மூன்று பேர் தாராளம். அதற்காகப் பஸ்ஸை எடுத்துவிட்டு இதை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விமான நிலையம், பெரிய ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வந்துபோகிற இடத்துக்குத்தான் இது தோதுப்படும்.