விட்ட படியிலிருந்து

தனியார் பள்ளி என்றதும் நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நினைவுக்கு வருபவை மஞ்சள் பேருந்தும் கட்டண ரசீதும்தான். ஆனால், எங்கோ மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய தனியார் பள்ளி, எளாவூர்ப் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் படித்த எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அது எவ்வாறு என்பதைக் கூறவே இக்கட்டுரை.

ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ளது ரிஷிவேலி பள்ளி. தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1926இல் தோற்றுவித்தது. எந்தச் சமயத்தையும் சாராதது. சில நூறு சிறுவர் சிறுமியர் அங்கே தங்கிப் பயில்கின்றனர். அப்பள்ளியின் கிராமக் கல்வி மையம், சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள்; நடுவில் ஆடு மேய்க்கவும் அறுவடைக்கும் போய் வருபவர்கள். இவர்களுக்கு ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துவது எங்ஙனம்?

பத்மநாப ராவ், ரமா இருவரும் இதற்கு விடை கண்டனர். பாடநூலைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்தனர். அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என அட்டைகள் ஏணிப்படிகளாக அமைந்தன. பிள்ளை தன் படியைத் தானே அறிந்து, தன் வேகத்தில் ஏறும்.

எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தமிழகமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, செங்கல் சூளை வேலைக்குச் சென்ற பெற்றோருடன் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது, மற்றவர்கள் வகுத்தலுக்குப் போயிருப்பார்கள் என்று பயந்து வாசலிலேயே நின்றேன். டீச்சர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “நீ விட்ட அட்டை இதுதான், எடுத்துக்கோ” என்றார். அவ்வளவுதான். மறுபடியும் பெருக்கலில் உட்கார்ந்தேன்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. அட்டை தானே பேசாது. பிள்ளைகள் பலராகவும் ஆசிரியர் ஒருவராகவும் இருந்தால் அது வெறும் காகிதமே. சிறிய பள்ளியின் உண்மைச் சொத்து அட்டையன்று. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் அறிந்திருப்பதே.

2022 முதல் தொடக்க வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்துள்ளது. திட்டங்கள் மாறலாம். பெற்றோருடன் சூளைக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் நண்பர்களை வேண்டுவது ஒன்றே: அந்தப் பிள்ளை திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது, அது விட்ட படியைக் காட்ட நீங்கள் அங்கே இருங்கள்.