பழனி நடையில் இரண்டாம் நாள்

பழனிக்குப் பஸ் இல்லையா, கார் இல்லையா? அப்படியிருக்க, நெருப்பெரிச்சலிலிருந்து மூன்று நாள் நடந்து போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயந்தான். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு மூன்று நாள் நடை என்றால் மூன்று நாள் சம்பளம் போச்சு! தெரிந்துதான் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் புறப்படுகிறார்கள்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நொய்யலைத் தாண்டித் திருப்பூரை விட்டு வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிடும். உற்சாகத்தில் கால் தரையில் பாவாது. இரவு கொடுவாயில் படுக்கை.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து நின்று பாருங்கள், அப்போது தெரியும் சேதி! தொடை இரண்டும் உலக்கை. தாராபுரமோ இன்னும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்.

ஆனால் பொழுது புலர்ந்ததும் வலி சற்று மறந்து போகிறது. ஒரு மேட்டில் ஏறினால் ஒரு பள்ளம், அப்பால் இன்னொரு மேடு. சாலையின் இருபுறமும் கொறங்காடு. மழை குறைந்த இந்தப் பூமியில் கொங்கு நாட்டார் கண்ட உபாயம் அது. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல மரம். கடவை அடைத்துவிட்டால் மாடுகள் தாமாகவே மேய்ந்துகொள்ளும். காங்கேயம் காளையின் உறுதி இந்தப் புல்லில் விளைந்ததுதான். அதன் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறேழு மாதத்தில் அந்தச் சிவப்பு போயே போய்விடும். இப்போது வேலிக்குப் பின்னால் காற்றாலைகளும் நிற்கின்றன. ஆடிக் காற்றில் சுழன்றவை தையில் சோம்பி நிற்பதைப் பார்த்தால், நாம் மட்டும் ஏன் நடக்கிறோம் என்று தோன்றும்!

குண்டடத்தில் வடுகநாதரைக் கும்பிடுவதற்குள் என் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. புதுச் செருப்பின் கைங்கரியம். திரும்பிவிடலாம் என்று பஸ்ஸுக்காக நின்றேன். எங்கள் கூட்டத்து ஆத்தா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, புதுச் செருப்புப் போட்டுட்டா பழனிக்கு வருவாங்க? கழட்டு."

துணியைக் கிழித்துக் காலில் சுற்றினாள். உங்கள் மகனுக்கு மூன்று நாள் கூலி நஷ்டமாயிற்றே என்றேன்.

"போவுது போ. போன பூசத்துக்கு அவன் ஆஸ்பத்திரியிலே கெடந்தான். இன்னிக்கு எனக்கு முன்னாலே நடக்கறான் பாரு!"

பஸ் வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை.

மாலையில் தெற்கே நீலமாக மலை தெரியும். புதியவர்கள் உடனே "அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவசரப்படாதீர்கள், அது கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் மலைத்தொடர். முருகன் குன்று அதன் அடிவாரத்துச் சிறு பிள்ளை. இங்கிருந்து கண்ணில் படாது.

இருட்டிவிட்டால் மட்டும் ஜாக்கிரதை. எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்புறம் ஒதுங்கி நடங்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரை மறக்காதீர்கள். வண்டிக்காரருக்கு உங்கள் விரதம் தெரியாது.

தாராபுரத்தில் அமராவதியில் கால் நனைத்தபோது, ஆத்தாவின் மகன் மறுகரையைக் காட்டினான். "நாளைக்கு முப்பத்து மூணு கிலோமீட்டருங்க. அப்புறம் படி, அறுநூத்துத் தொண்ணூத்து மூணு."

ஆத்தா அதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.