பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்!

காரமும் இனிப்புமாக, க்ரீம் விட்டு ஒரு பாஸ்தா செய்யலாமா? அடுப்பைப் பெரியவர்கள் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பாத்திரத்துக்குள் நடப்பதைக் கவனியுங்கள்.

கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு, பென்னே பாஸ்தாவை வேகவிடுங்கள். டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்ததுதான் பாஸ்தா. பிசையும்போது கோதுமையின் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற வலையாகிவிடும். மாவுச்சத்து அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கொதிநீரிலும் பாஸ்தா கூழாகிவிடுவதில்லை. ஆனாலும் மேல்பக்கத்து மாவுச்சத்து கொஞ்சம் நழுவி வெளியே வந்துவிடும். வெந்து முடிந்ததும் தண்ணீரைப் பாருங்கள்: சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கியிருக்கும். அதில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, மீதியை வடித்துவிடுங்கள்.

அடுத்து வாணலி. வெண்ணெய் உருகியதும் பூண்டு, வெங்காயம். வெங்காயத்தை அவசரப்படுத்தாதீர்கள். சிறு தீயில் பொன்னிறமாக வதங்க வதங்க, நீர் வற்றி அதன் இனிப்பு தூக்கலாகத் தெரியும். இப்போது மிளகாய்த்தூள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்ணெயிலேயே போட்டுவிட்டால் காரம் ஒரே இடத்தில் தங்காமல் எங்கும் பரவும். தூள் கருகுவதற்குள் தக்காளி விழுதை ஊற்றிவிட வேண்டும்.

அறுசுவையில் கார்ப்புக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் நாக்கின் சுவைமொட்டுகளுக்குக் காரம் தெரியாது! அதை உணர்வது நரம்பு நுனிகள். அவற்றில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால், ‘சுடுது!’ என்று மூளைக்குத் தகவல் போவது அதன் வழியாகத்தான். கேப்சைசின் போய் ஒட்டினாலும் அதே தகவல்தான் போகும். ஆறிப்போன பாஸ்தாவும் நாக்கை எரிப்பது இப்படித்தான். இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூடியனுடன் பகிர்ந்துகொண்டார்.

தக்காளி வெந்ததும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. இனிப்பு சேர்ந்தால் காரம் கொஞ்சம் அடங்கித் தெரியும். 1912-ல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளந்ததும் சர்க்கரைத் தண்ணீரை வைத்துத்தான். மிளகாய்ச் சாற்றில் அதைச் சேர்த்துக்கொண்டே போய், எந்த அளவில் காரம் தெரியாமல் போகிறது என்று ருசி பார்க்கச் சொன்னார். பாவம், ருசி பார்த்தவர்கள்!

தீயைத் தணித்து க்ரீமை ஊற்றுங்கள். வெறும் பால் என்றால், தக்காளியின் புளிப்பில் அதன் கேசீன் புரதம் திரண்டு, பால் திரிந்துபோகலாம். க்ரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. அவ்வளவு சுலபமாகத் திரியாது. அந்தக் கேசீனுக்கு நல்ல குணமும் உண்டு. நாக்கில் ஒட்டிய கேப்சைசினைப் பிடித்து இழுத்துவிடும். காரம் தாங்காதபோது தண்ணீரைவிடப் பால் கைகொடுப்பது இதனால்தான்.

இப்போது வெந்த பாஸ்தாவையும், எடுத்துவைத்த தண்ணீரில் பாதியையும் சேர்த்து வேகமாகக் கிளறுங்கள். வெண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணெயாகப் பிரிந்து மிதக்கப் பார்க்கும். மாவுச்சத்து தண்ணீரைக் கெட்டியாக்கி அவற்றைச் சேரவிடாது. ஒரு பென்னேயை எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள கோடுகளின் பள்ளத்தில்கூட சாஸ் வழியாமல் நிற்கும்.

மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால், மாவுச்சத்து மறுநாள் இறுகிப்போயிருக்கும். இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள், இளகிவிடும்.