குழந்தைகளின் அக்கரமும் வீட்டு மருந்துகளும்

பால் குடிக்கும் குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திவலை போன்று வெண்படலம் படிவதை நம் நாட்டுத் தாய்மார் அக்கரம் என்பர். பாற்படிவோ அக்கரமோ என ஐயுறுவார் மெல்லிய ஈரத்துணியை விரலிற் சுற்றி ஒருமுறை துடைத்துப் பார்த்தல் போதும். பாலாயின் எளிதில் அகன்றுவிடும். அக்கரமாயின் எளிதில் அகலாது. வலிந்து அகற்றினால் அடியிற் செம்புண் தோன்றி, ஒரோவழி இரத்தமுங் கசியும். இதே நோய் அரையிலும் தொடையிடுக்கிலும் வேறு கோலங் கொள்ளும். ஆங்குத் தோல் பளபளத்துச் சிவந்து, அச்சிவப்பு மடிப்புகளின் ஆழம்வரை சென்று, எல்லைக்கு வெளியேயுஞ் சிறு சிறு பருக்கள் சிதறிக் கிடக்கும். கருநிறத் தோலிற் சிவப்பு அத்துணைத் தெளிவாகத் தோன்றாமல் கருமை கலந்து காணப்படும். சிறுநீரின் எரிவால் மட்டும் உண்டாகும் புண்ணோ பெரும்பாலும் மடிப்பினுட் புகாது. துணி உராயும் மேட்டிடங்களிலேயே நிற்கும்.

இந்நோய்க்குக் காரணம் மதுவ இயல்புடைய ஒரு பங்கசு ஆகும். 1839இல் ஜேர்மனியரான லாங்கன்பெக் என்பார் காய்ச்சலால் இறந்த ஒருவரின் தொண்டைப் படலத்தில் அதனைக் கண்டனர். அக்கரமுற்ற குழந்தைகளின் வாய்ப் படலத்தை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, அப்படலமே ஒரு பங்கசின் வளர்ச்சி என்று 1840களில் விளக்கியவர் சுவீடன் நாட்டு வைத்தியரான பேர்க். 1923இல் ஒல்லாந்து நாட்டுப் பெண் ஆய்வாளரான பேர்க்கௌட் என்பார் வகுத்த பேரினத்தின்படி இன்று அது கன்டிடா அல்பிக்கன்ஸ் எனப் பெயர் பெறும். இலத்தீன் மொழியில் இவ்விரு சொற்களும் வெண்மையையே குறிப்பன; வெள்ளை யானையை வெள்ளை வெள்ளை என்று அழைத்தாற் போன்றது இப்பெயர்.

இம்மதுவத்தின் கலங்கள் மிகச் சிறியன. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 200 கலங்களை வரிசையாக வைத்தல் கூடும். இஃது எங்கிருந்தோ வந்து புகும் பகையன்று. நலமுடையார் பலரின் வாயிலுங் குடலிலும் யாதொரு தீங்குஞ் செய்யாது உறைவது. பிறக்கும்போது தாயிடமிருந்தும், பின்னர் தூக்குவோர் கைகளிலிருந்தும் குழந்தையை அடைகின்றது. அயலில் வாழும் பற்றீரியாக்கள் இடத்தையும் உணவையும் பகிர்ந்துகொண்டு இதனை அடக்கி வைக்கின்றன. அவ்வடக்கம் நீங்கி, வெப்பமும் ஈரமும் வாய்க்குமிடத்து, உருண்டை வடிவிலிருந்த கலங்கள் நீண்டு இழைகளாகித் தோலினுட் புகத் தொடங்கும். ஆகவே அக்கரம் என்பது அடங்கியிருந்த ஒன்று அடங்காமையே. இதனை முற்றாக ஒழித்துவிடும் மருந்து எதுவும் இல்லை, இருத்தலும் வேண்டா. நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது என்னும் வினாவுக்கு விடையும் இவ்வுண்மையிலேயே அடங்கியுள்ளது.

மருந்து போதிய வலியுடையதன்று என்றே பெற்றோர் பலரும் எண்ணுவர். ஒரு மருந்து போய் மற்றொன்று வரும், வைத்தியர் மாறுவர், பின்னர் சரக்குக் கடையும் பாட்டியின் நினைவும் துணையாகும். உண்மையிலோ மருந்து தன் வேலையைச் செய்தபின் நோய் நுழைந்த வாயில் திறந்தபடியே இருத்தல்தான் பெரும்பான்மையுங் காரணம். சூப்பியின் றப்பரில் இம்மதுவம் வழுவழுப்பான படையாக ஒட்டி வாழவல்லது. குழந்தையின் வாயைத் தூய்மை செய்து அதே சூப்பியை மீண்டும் வாயில் வைப்பார் நோயையும் உடன் வைக்கின்றனர். தாயின் முலைக்காம்பிற் கூச்சமும் எரிவும் இருப்பின் தாயும் சேயும் ஒருங்கே மருத்துவம் பெறல் வேண்டும். ஒருவர்க்கு மட்டுஞ் செய்யும் மருத்துவம் மற்றவரால் அழியும். தாய்ப்பாலை நிறுத்துதல் எவ்வாற்றானும் வேண்டியதன்று. காதுவலிக்கும் சளிக்கும் அடிக்கடி கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியாக்களையே கொல்வன, பங்கசைத் தீண்டா. அவற்றின் ஒவ்வொரு முறையும் காவலரை நீக்கிக் கள்வனுக்குக் கதவு திறத்தலோடு ஒக்கும். தொய்வு நோய்க்கு உள்ளிழுக்கும் ஸ்ரெரோயிட் மருந்து வாயிற் படிந்திருப்பினும் இந்நோய் வரும். அம்மருந்தின்பின் வாயைக் கொப்பளித்தலும், கொப்பளிக்க இயலாச் சிறுவர்க்கு நீர் பருகுவித்து வாயைத் துடைத்தலும் போதிய காப்பாகும். இனி, வெண்படலம் மறைந்த அன்றே மருந்தை நிறுத்திவிடுதலும் ஒரு காரணம். மறைந்த பின்னரும் இரண்டு நாளாவது அதனைத் தொடர்தல் வழக்கம்.

அரைப்புண்ணைப் பொறுத்தவரை ஈரமே முதற் காரணம். சிறுநீர் மலத்தோடு கலந்து நிற்கும்போது அமோனியா பிறந்து தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குறைக்கின்றது; குறையவே மலத்திலுள்ள நொதியங்கள் தோலை அரிக்கின்றன; அரித்த தோலில் மதுவம் குடியேறுகின்றது. முன்னாளில் நம் ஊர்க் குழந்தைகள் அரைஞாணொன்றே ஆடையாக முற்றத்திற் தவழ்ந்தன. வறுமையென்றும் நாகரிகமின்மையென்றும் பின்னையோர் இதனைப் பழித்தனர். ஆயினும் காற்றுப் படுந்தோலில் மதுவம் செழிப்பதில்லை. இன்று இரவு பகலாக இறுகக் கட்டிய அணையாடையுள், நம் நாட்டு வெம்மையில், எதிர்மாறான நிலை உண்டாகின்றது. அணையாடையை முற்றாகத் துறத்தல் வேண்டுவதன்று. நனைந்தவுடன் மாற்றுதலும், இளஞ்சூட்டு நீராற் கழுவி உராயாது ஒற்றி உலர்த்துதலும், நாளிற் பலமுறை சிறிது நேரம் காற்றுப்பட விடுதலும் வேண்டும். இயற்கை மருந்து எனத் தகும் பெயர் எதற்கேனும் உண்டாயின் முதலில் இவற்றுக்கே உண்டு. இவற்றுக்கு விலையில்லை என்பதாற்போலும் எவரும் இவற்றை மருந்தென எண்ணுவதில்லை.

இனி, மருந்தெனப் பெயர் பெற்றவற்றை நோக்குவாம். தேங்காயெண்ணெய் இவற்றுள் தலையாயது. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம் ஆகும். அவ்வமிலமும் அதனோடிருக்கும் கப்ரிக் அமிலமும் ஆய்வுக்கூடத்திற் கன்டிடாவைக் கொல்லும் என்று ஐஸ்லாந்து ஆய்வாளர் 2001இற் காட்டினர். நைஜீரியாவில் 2007இல் வெளியான ஆய்வொன்று தேங்காயெண்ணெயையே நேரிற் சோதித்து நற்பயன் கண்டது. இவை மெய்யான ஆய்வுகள். ஆயினும் கண்ணாடிக் கிண்ணத்திற் கண்டது குழந்தையின் தொடையிடுக்கிலும் நிகழும் என்பது பெறப்படாது. எண்ணெயில் லோரிக் அமிலம் தனித்திராது கிளிசரோலுடன் பிணைந்தே இருக்கின்றது; பிணைப்பு அறுந்து விடுபட்ட அளவே அதன் ஆற்றல் வெளிப்படும். உலர்ந்த தோலில் மெல்லிதாகப் பூசிய எண்ணெய் சிறுநீரை விலக்கும் திரையாகப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஈரத்தோலின்மேற் பூசினால் அதே எண்ணெய் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். வேப்பிலை அவித்த நீரும் மஞ்சளும் இவ்வாறே. கழுவுதலால் வரும் நன்மையை அவற்றின் நன்மையாகக் கொள்ளுதல் எளிது. அரித்த தோலில் மஞ்சட்பூச்சு எரிவையும் உண்டாக்கலாம்.

வெங்காரத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். அதனைச் சட்டியிற் பொரித்துத் தூளாக்கித் தேனிற் குழைத்துக் குழந்தையின் நாவில் தடவுதல் நம்மவரிடையே நெடுங்கால வழக்கு. நமக்கு மட்டும் உரியதன்று இவ்வழக்கு. வெங்காரத் தேன் பிரித்தானிய மருந்து நூலிலும் முன்னர் இடம் பெற்றிருந்தது. அக்கலவையிற் சூப்பியைத் தோய்த்துக் கொடுத்தலும் மேனாட்டில் வழக்கமாயிருந்தது. 1983இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் ஏழு குழந்தைகளின் வரலாறு வெளிவந்தது. ஏழு குழந்தைகளும் வலிப்புற்றவை. ஏழுக்கும் அக்கலவை நெடுநாள் கொடுக்கப்பட்டிருந்தது. அதனை நிறுத்தியபின் வலிப்பு நின்றது. பொரித்தலால் நச்சுத்தன்மை நீங்கும் என்பது நம்பிக்கை. வெங்காரப் பளிங்கின் நிறையில் ஏறத்தாழ 47 வீதம் நீராகும். பொரிக்கும்போது ஆவியாகி அகல்வது அந்நீரே, போரன் அகல்வதில்லை. ஆகவே ஒரே நிறையுள்ள தூளில், பொரித்ததிற் போரன் பொரியாததைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்காகும். இதனை எந்த இரசாயன மாணவனும் மூலக்கூற்று நிறைகளைக் கொண்டு கணித்தறியலாம்.

அக்கலவையின் மற்றைப் பாதியான தேனும் குற்றமற்றதன்று. தேனில் ஒரோவழி குளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியத்தின் வித்திகள் இருக்கும். வளர்ந்தோரின் குடலில் அவை முளைப்பதில்லை; ஓராண்டு நிரம்பாக் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கலாம். 1976இல் இந்நோய் குழந்தைகளிடத்தே இனங்காணப்பட்டபின், முதலாண்டில் தேன் தொடுதலே ஆகாது என்பது உலகெங்கும் மருத்துவர் கொண்ட முடிபு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கமுடைய குடும்பங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

வேப்பெண்ணெயின் கதை இதனினுந் துயரமானது. மலேசியாவில் இந்திய வமிசாவளிக் குடும்பங்கள் சில சளிக்கும் பிற சிறு நோய்க்கும் குழந்தைகளுக்கு அதனைப் பருகக் கொடுத்தன. வாந்தியும் மயக்கமும் வலிப்பும் உண்டாகி ஈரலும் மூளையும் பழுதுற்ற குழந்தைகளைப் பற்றி 1981இல் அந்நாட்டு வைத்தியர் எழுதினர், இறப்பும் நேர்ந்தது. மரம் புனிதமானது என்பதால் அதன் எண்ணெய் குடிக்கத் தக்கதாகிவிடாது. அதே 1981இல் அமெரிக்காவில் அரைப்புண்ணுக்கு அப்பச்சோடாவை மிகுதியாகத் தூவியதால் ஒரு குழந்தையின் இரத்தத்திற் காரத்தன்மை மிகுந்த செய்தியும் வெளியாயிற்று. புண்பட்ட தோல் வாயைப் போன்றே பொருள்களை உள்ளே ஏற்கும். உள்ளியை அரைத்துக் கட்டி மென்றோல் வெந்த குழந்தைகளும் உளர். தயிரையோவெனில் உணவுண்ணும் வயதினர்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம், நல்லுணவு என்ற அளவில். குறைமாதக் குழந்தைகள் 80 பேரிடம் இத்தாலியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் லக்ரோபசிலசு பற்றீரியமொன்று குடலிற் கன்டிடா குடியேறுதலைக் குறைத்தது. அது மருத்துவமனையில் அளந்து கொடுத்த தனி இனம். நம் பானைத் தயிரன்று.

இயற்கை மருந்து, ஆங்கில மருந்து என்று இரு கூறாக்குதல் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு நிஸ்ரற்றினின் வரலாறு ஒன்றே சாலும். இன்று வைத்தியர் அக்கரத்துக்குக் கொடுக்கும் மஞ்சள்நிறத் துளிமருந்து பெரும்பாலும் இதுவே. நியூயோர்க் மாநிலச் சுகாதாரப் பகுதியிற் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், றேச்சல் பிறவுண் என்னும் இரு பெண்மணிகள் பல இடத்து மண்ணையும் ஆராய்ந்தனர். ஒருவர் நியூயோர்க்கிலும் மற்றவர் அல்பனியிலும் இருந்து மாதிரிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டனர். வேர்ஜீனியாவிலுள்ள பாற்பண்ணையொன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் சுரந்த பொருள் பங்கசை அழிப்பதைக் கண்டு 1950இல் அறிவித்தனர். அதனால் வந்த உரிமைப் பணம் ஒரு கோடியே முப்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்டதாயினும் தமக்கென எதுவும் வைத்துக்கொள்ளாது ஆராய்ச்சிக்கே அளித்தனர். மண்ணிற் பிறந்த இம்மருந்து குடலால் உறிஞ்சப்படுவது அரிது. ஆதலின் வாயிலேயே நின்று தொழில் செய்யும். பால் குடித்தபின் படலத்தின்மேற் படுமாறு இட வேண்டும். பாலோடு கலந்து கொடுப்பின் வீணாகும்.

இத்துணையும் கூறியது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தும். சிலரிடத்து, மீண்டும் மீண்டும் வரும் அக்கரம் தானே நோயாகாது வேறொன்றின் அறிகுறியாக இருக்கும். வீட்டு மருந்துகளால் நேரும் பெருங்கேடு இங்குக் கழியும் வாரங்களே. எந்த மருந்துக்கும் அடங்காது தொடரும் அக்கரத்துடன் எடை ஏறாமையும் இருமலும் வயிற்றோட்டமும் சேருமாயின், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் அமையாத குழந்தையோ என்று சோதித்தல் வேண்டும். அந்நிலையில் முதற்சில மாதங்களிற் காண்பதே உயிர் காப்பது. எச்.ஐ.வி. தொற்றும் இவ்வாறு வெளிப்படலாம். தாயிடமிருந்து சேய்க்கு அது பரவுதலை இலங்கை ஒழித்துள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இற் சான்றளித்தமையால் நம் நாட்டில் அவ்வச்சம் மிகவுங் குறைந்துள்ளது. ஒரு மாதம் நிரம்பாத குழந்தை அக்கரத்துடன் காய்ச்சலுற்றாலும் பால் குடிக்க மறுத்தாலும் அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

அணையாடைப் பருவங் கடந்த சிறுமியரின் மறைவிடத்து அரிப்பை மதுவத் தொற்றென்று கொண்டு கடையிற் களிம்பு வாங்குதல் மற்றொரு பிழை. பூப்பெய்துமுன் அவ்விடத்தில் மதுவம் வளர்தல் அரிது. சவர்க்காரத்தின் உறுத்தலோ, இறுகிய ஈர ஆடையோ, இரவில் அரிக்கும் நூற்புழுவோ காரணமாதல் மிகுதி. உண்மையில் மதுவமே ஆயின், முதலில் நினைக்க வேண்டியது நீரிழிவு. குருதியிலும் சிறுநீரிலும் சர்க்கரை மிகும்போது மதுவம் செழிக்கும். இதனைத் தாயினும் முந்திக் காணும் வாய்ப்பு வகுப்பாசிரியருக்கு உண்டு. பாடத்தின் நடுவே அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்டு, ஒவ்வொரு முறையும் குழாயில் நெடுநேரம் நீர் குடித்து, தவணை தொடங்கியபோது பொருந்தியிருந்த சீருடை தளர்ந்து தோன்றும் பிள்ளையைக் கண்டால், பெற்றோரை அன்றே அழைத்துக் குருதியிற் சர்க்கரை பார்க்கச் சொல்லுதல் வேண்டும். அச்சோதனைக்கு ஒரு துளி இரத்தமும் சில நிமிடமுமே செல்லும்.