ஆபீஸ் நண்பரின் ‘பிப்’பை மாட்டிக்கொண்டு மாரத்தான் ஓடலாமா? டைமிங் சிப் பார்ப்பதும் பார்க்காததும்

2017 நவம்பர் 19. டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் முதலில் வந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல்.சூர்யா. நேரம்: 1 மணி 10 நிமிடம் 31 விநாடி. அந்தப் பிரிவில் அதுவரை இருந்த டெல்லி சாதனையை உடைத்த ஓட்டம் அது. அரை மாரத்தான் என்பது 21.0975 கி.மீ. புதுக்கோட்டையில் கிளம்பினால் திருமயம் கோட்டை வரை ஓடி, இன்னும் கொஞ்சம் ஓடவேண்டிய தூரம்.

சூர்யா மாதிரி ஓட்டக்காரர்கள் முதல் வரிசையில் நின்று கிளம்புபவர்கள். துப்பாக்கி வெடிக்கும் நொடியும் அவர்கள் கோட்டைத் தாண்டும் நொடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே ஓட்டத்தில் பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்கும் ஐடி ஊழியரின் கதை வேறு. கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து ஸ்டார்ட் கோட்டுக்கு வருவதற்கே அவருக்குப் பத்து நிமிடம் ஆகிவிடலாம். அதையும் அவர் ஓடிய நேரத்தில் சேர்த்தால் எப்படி?

இதற்குத்தான் டைமிங் சிப். 1996-ல் பாஸ்டன் மாரத்தான் தனது 100-வது ஓட்டத்தை நடத்தியபோது சுமார் 38 ஆயிரம் பேரின் நேரத்தைக் கணக்கிட அதைப் பயன்படுத்தினார்கள். அப்போது அது ஷூ லேஸில் கட்டும் பிளாஸ்டிக் வில்லை. இன்று பெரும்பாலான ஓட்டங்களில் நெஞ்சில் குத்தும் நம்பர் அட்டையான ‘பிப்’பின் பின்புறம் ஒட்டிய மெல்லிய பட்டை. கோட்டைத் தாண்டும்போது உங்கள் கடிகாரம் தொடங்கும், முடிவுக் கோட்டில் நிற்கும். இது ‘நெட் டைம்’. துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிடுவது ‘கன் டைம்’. முதலிடங்களுக்கான பரிசை பொதுவாக கன் டைம்தான் முடிவு செய்யும்.

லெம்பலக்குடி டோல்கேட்டில் நடப்பதுதான்

காரைக்குடிப் பக்கம் காரில் போனவர்களுக்கு லெம்பலக்குடி சுங்கச்சாவடி தெரிந்திருக்கும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை ரீடர் படிக்கிறது, தடுப்பு தூக்குகிறது. பிப் சிப்பும் இதே ஆர்.எஃப்.ஐ.டி. குடும்பம். அதில் பேட்டரி கிடையாது. தரையில் விரித்திருக்கும் பாய்க்குள் ஆன்டெனா இருக்கும். அது அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். கணினி அந்த எண்ணையும் நேரத்தையும் பதிவு செய்துகொள்ளும்.

தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. அதனால் பிப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தாலோ, தண்ணீர் பாட்டில் பெல்ட்டால் மறைத்தாலோ சிப் படிக்கப்படாமல் போகலாம். ‘முன்பக்கம், மடிக்காமல் குத்துங்கள்’ என்று ஏற்பாட்டாளர்கள் கெஞ்சுவது இதனால்தான்.

ஃபாஸ்டேக் வண்டியை யார் ஓட்டுகிறார் என்று பார்ப்பதில்லை. ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறது. சிப்பும் அப்படியே. அதற்குத் தெரிந்தது ஒரு எண் மட்டும்.

‘காசு வீணாப் போகுதே, நீ ஓடிட்டு வாடா’

எங்கும் நடப்பதுதான். ஆறு மாதம் முன்பே ஆபீஸில் கும்பலாகப் பணம் கட்டிப் பதிவு செய்கிறார்கள். ஓட்டம் நெருங்கும்போது ஒருவருக்கு டெங்கு, இன்னொருவருக்கு நைட் ஷிஃப்ட், வேறொருவருக்கு வீட்டில் வளைகாப்பு. டி-ஷர்ட்டும் பிப்பும் வாட்ஸ்அப் குரூப் வழியே கைமாறுகின்றன. டாடா மும்பை மாரத்தான் உட்படப் பல ஓட்டங்களின் விதிகளில் ‘பதிவை இன்னொருவருக்கு மாற்ற முடியாது’ என்று தெளிவாகவே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

இதில் யாருக்கு நஷ்டம்? 58 வயது சித்தப்பாவின் பிப்பில் 26 வயதுப் பையன் ஓடினால், 55-க்கு மேற்பட்டோர் பிரிவில் அவன் முதலிடம். வருடம் முழுக்க விடியற்காலை எழுந்து பயிற்சி எடுத்த நான்காமவர் மேடை ஏறாமல் வீட்டுக்குப் போவார். பெண் பெயரில் உள்ள பிப்பை ஆண் மாட்டினாலும் இதேதான். இன்னொரு பக்கம் தகுதி நேரம். 2026 பாஸ்டன் மாரத்தானுக்கு 18 முதல் 34 வயது ஆண்கள் 2 மணி 55 நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். இரவல் கால்களில் வாங்கிய சான்றிதழ் நிஜமாக ஓடிய ஒருவரின் இடத்தைப் பறிக்கிறது.

ஆனால் பரிசு, மேடை எல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் பிப்பின் பின்பக்கம் இருக்கிறது. ரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். மயங்கி விழுந்தவரிடம் மருத்துவக் குழு முதலில் பார்ப்பது அதைத்தான். 2016 டிசம்பரில் சீனாவின் ஷியாமென் நகரில் நடந்த அரை மாரத்தானில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அணிந்திருந்தது வேறொருவரின் பிப். குடும்பத்தினர் ஏற்பாட்டாளர்கள் மீதும் பிப் கொடுத்தவர் மீதும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு நிலையில் யாரோ ஒருவரின் வீட்டுக்குத் தவறான செய்தி போகும். சரியான வீட்டில் ‘பையன் இன்னும் வரலையே’ என்று காத்திருப்பார்கள்.

மாட்டுவார்களா?

சிப் தனியாகக் காட்டிக்கொடுக்காது. 5, 10, 15 கி.மீ. என்று வழியில் விரித்த பாய்களும், யூ-டர்ன் பாயும், புகைப்படங்களும் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும். நண்பனின் சிப்பையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினால், இரண்டு எண்களும் எல்லாப் பாயிலும் ஒரே நொடியில் விழும். இதைக் கண்டுபிடிக்க துப்பறியும் நிபுணர் வேண்டாம், எக்செல் போதும். 2018 ஷென்ஜென் அரை மாரத்தானில் 258 பேர் சிக்கினார்கள். பெரும்பாலானோர் குறுக்கு வழியில் போனவர்கள், 18 பேர் போலி பிப், 3 பேர் ஆள்மாறாட்டம். காட்டிக்கொடுத்தவை போக்குவரத்து கேமராக்கள்.

சினிமாவுக்கே தோதான கதை தென்னாப்பிரிக்காவுடையது. அங்கே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் சுமார் 90 கி.மீ. 1999-ல் செர்ஜியோ, ஃபிகா மோட்சோனெங் என்ற சகோதரர்கள் ஒரே நம்பரில் மாறி மாறி ஓடினார்கள். வழியிலிருந்த கழிப்பறைக்குள் போய் உடை, ஷூ எல்லாம் மாற்றிக்கொள்வார்கள். ஒன்பதாவது இடமும் கிடைத்தது. பிறகு புகைப்படங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு படத்தில் கடிகாரம் இடது கையில், இன்னொன்றில் வலது கையில்!

அப்போ என்னதான் செய்வது?

பதிவு செய்யும்போதே பெயர் மாற்ற வசதி உண்டா என்று பாருங்கள். பிரிட்டனின் கிரேட் நார்த் ரன்னில் அதிகாரபூர்வமாகவே மாற்றலாம். சிகாகோவில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டில் எதையும் தராமல், ‘மாற்றக் கூடாது’ என்று மட்டும் சொல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிப்பின் படத்தை எக்ஸ்போவில் இருந்தே இன்ஸ்டாவில் போடும் பழக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். 2014-ல் பாஸ்டனில் ஒருவர் பிப்பைப் பார்த்து இன்னொருவர் அச்சடித்த சம்பவம் நடந்தது.

அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டம்தோறும் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்குப் போகிறவர்கள் வயதுச் சான்றைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். 17 முதல் 25 வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. முதல் பரிசு 5,000 ரூபாய்.